இரண்டு நாளில் ஒரு தலைமையாசிரியருக்கு எதைக் கற்பிக்க முடியும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். உங்கள் அறக்கட்டளை தென்மாவட்டம் ஒன்றில் 40 அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களைக் கூட்டி, ஒரு நாள் தலைமைப் பண்பும் மறுநாள் அடிப்படைக் கணினியும் பயிற்றுவிக்க நினைக்கிறது. மண்டபம், சாப்பாடு, கைப்பை, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது. பாடத்திட்டமும் பேச்சாளர் பெயர்களும் வேண்டும் என்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும், “இதனால் பள்ளியில் உண்மையாகவே ஏதாவது மாறுமா?” என்று சேர்த்திருக்கிறீர்கள். என் பார்வையில் கேள்வியே அந்தக் கடைசி வரிதான். அதற்கு விடை கண்டுவிட்டால் பாடத்திட்டத்தை அமைப்பது பெரிய வேலையில்லை.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகத் தொடங்கி, தலைமையாசிரியராக இருந்து, பின்னர் தலைமையாசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிகளில் பல ஆண்டுகள் கருத்தாளராக இருந்தவன். மெட்ரிக் பள்ளிகள், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஆகியவற்றின் நிர்வாகம் எனக்கு நேரடிப் பழக்கம் இல்லாதது. ஆகவே கீழே சொல்பவற்றைத் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்கு, அதிலும் முதன்மையாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பொருந்துவதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயமற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகளில் ஒருவர் தலைமையாசிரியராவது பெரும்பாலும் பணிமூப்பின் வழியாக, பதவி உயர்வில். கணக்குத் தேர்வு போன்ற துறைத் தேர்வுகளில் அவர் தேறியிருப்பார். அவை விதிகளைச் சோதிப்பவை. ஓர் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துவிட்டு அவரிடம் எப்படிப் பேசுவது என்பதை எந்தத் துறைத் தேர்வும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை வரை கணக்குப் பாடம் நடத்தியவர் திங்கட்கிழமை புதிய ஊரில் பொறுப்பேற்கிறார். அன்றே அவர் பணம் பெற்று வழங்கும் அலுவலராகவும் ஆகிவிடுகிறார். ஊதியப் பட்டியல் ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்ற மாநில அரசின் நிதி, பணியாளர் மேலாண்மைத் தளத்தின் வழியாகக் கருவூலத்துக்குப் போக வேண்டும். மாணவர் விவரமும் வருகையும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற வேண்டும். மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் திரட்டான யுடைஸ் பிளஸ் படிவத்தை ஆண்டுதோறும் முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்தில் பிழையின்றி இருக்க வேண்டும். இளநிலை உதவியாளர் பணியிடம் காலியாக உள்ள பள்ளியில் இவை அனைத்தும் அவர் மேசைக்கே வந்து சேரும். இதே காலத்தில்தான், பள்ளியின் கற்பித்தலை மேம்படுத்தும் தலைவராகவும் அவர் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் எண்ணிக்கைக்கு மேற்பட்ட தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரே இரண்டு அல்லது மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிறார். ஊதியப் பட்டியல் வேலையை வட்டாரக் கல்வி அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. அவரிடம் போய், “உங்கள் குழுவுக்குப் பணிகளைப் பகிர்ந்தளியுங்கள்” என்றால் அவர் சிரிப்பார். அந்தக் குழுவில் இருப்பது இன்னும் ஒரே ஒருவர். எனவே உங்கள் 40 பேரில் இரு தரப்பினரையும் கலக்காதீர்கள். இந்த முறை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டும் என்று முடிவு செய்துவிடுவது நல்லது.

அடுத்து, ஏற்கெனவே இருப்பதை மீண்டும் செய்ய வேண்டாம். டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் 2012 இல் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையத்தைத் தொடங்கியது. தலைமை பற்றிய பார்வை, தன்னை வளர்த்துக்கொள்ளல், கற்றல் கற்பித்தலை மாற்றுதல், குழுவை உருவாக்குதல், புதுமைகளை முன்னெடுத்தல், கூட்டுறவுகள், பள்ளி நிர்வாகம் என ஏழு பகுதிகள் கொண்ட பாடத்திட்டம் அங்கே உருவானது. மத்திய அரசு 2019 இல் தொடங்கிய நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சியிலும் தலைமைத்துவப் பகுதி உண்டு. கொரோனா காலத்தில் அது திக்‌ஷா என்ற இணையக் கற்றல் தளத்துக்குப் போனது. தேசியக் கல்விக் கொள்கை 2020, தலைமையாசிரியர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில்சார் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கை மீது தமிழ்நாட்டுக்கு உள்ள மறுப்பு தனிக்கதை. இங்கே நான் சொல்ல வருவது, தலைமைத்துவம் பற்றிய கருத்துகளுக்கும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை என்பதைத்தான். உங்கள் மண்டபத்துக்கு வரப்போகும் பெரும்பாலானோரிடம் இத்தகைய சான்றிதழ்கள் ஏற்கெனவே இருக்கும். அவற்றுள் சில, பள்ளியிலுள்ள இளம் ஆசிரியர் ஒருவர் மதிய இடைவேளையில் காணொளியை ஓடவிட்டுப் பெற்றுத் தந்தவையாகவும் இருக்கும். அவர்களுக்கு இன்னும் கிடைக்காதவை, செய்து பார்க்கும் வாய்ப்பும், செய்ததை ஒருவர் அருகில் இருந்து பார்த்துத் திருத்தும் வாய்ப்பும்.

பயன் இருக்குமா என்பதற்கு ஆய்வுகள் சொல்வதையும் சுருக்கமாகத் தருகிறேன். தலைமையின் தரத்துக்கும் மாணவர் கற்றலுக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடனாய்வாளர்களும் 2008 இல், பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்கும் தலைமைக்கே மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு தெரிந்தது. தொலைநோக்கு பற்றி மேடையில் முழங்குவதைவிட ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் பற்றிப் பேசுவது பயன் தருகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் தலைமை முக்கியம் என்பதும், தலைமைப் பயிற்சியால் பலன் விளையும் என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது கூற்று ஐயத்துக்குரியது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், தலைமையாசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. பாடத் திட்டமிடல், மதிப்பெண் தரவுகளைக் கொண்டு கற்பித்தலைச் சீர்செய்தல், வகுப்பைப் பார்வையிட்டு ஆசிரியருக்கு வழிகாட்டுதல் ஆகியவைதான் அதன் பொருள். முதல் ஆண்டில் மாணவர் அடைவு தெளிவாக உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் குறிப்பிடத்தக்க விளைவு இல்லை. இரண்டு ஆண்டும் அதே பணியிடத்தில் நீடித்த தலைமையாசிரியர்களால்தான் பலன் வந்தது என்று ஆய்வாளர் வாதிடுகிறார். மாறுதல் கலந்தாய்வு நடக்கும் நம் ஊரில் இந்தக் குறிப்பை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான எச்சரிக்கை மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிறது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்த திட்டம் ஒன்றில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 1,774 பள்ளிகள் விரிவாக மதிப்பிடப்பட்டன, தரநிலை வழங்கப்பட்டது, பள்ளிதோறும் மேம்பாட்டுத் திட்டம் எழுதப்பட்டது. ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளும் மதிப்பீட்டை முடித்திருந்தன. பள்ளி நடப்பிலும் மாணவர் கற்றலிலும் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அப்படியிருந்தும் அது வெற்றித் திட்டமாகக் கருதப்பட்டு நாடு முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. கோப்பு முழுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பள்ளி மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஹூஸ்டனில் 300 மணி நேரம். நீங்கள் தரப்போவது, தேநீர் இடைவேளை போக, சுமார் 11 மணி நேரம். ஆகவே தேர்ச்சி விழுக்காடு உயரும் என்ற வாக்குறுதியை யாருக்கும் தராதீர்கள், உங்கள் நன்கொடையாளர்களுக்கும் தராதீர்கள். 11 மணி நேரத்தில் செய்யக்கூடியது வேறொன்று: தலைமையாசிரியர் தம் கைக்கு வராத இரண்டு மூன்று வேலைகளைத் தாமே செய்யத் தொடங்குவது. அதற்கு என் முதல் பரிந்துரை, ஒரு நாள் தலைமை, ஒரு நாள் கணினி என்ற பிரிவையே எடுத்துவிடுவது. கணினி தெரியாத தலைமையாசிரியர் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை, கணினி தெரிந்த யாரோ ஒருவரிடம் அறியாமலே கொடுத்துவிடுகிறார். கணினி நன்றாகத் தெரிந்தும் நாள் முழுவதும் தளங்களில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பவரோ வகுப்பறைப் பக்கமே போவதில்லை. இரண்டையும் ஒரே பயிற்சியில் பின்னினால்தான் இருவருக்கும் பயன்.

இது வெறும் கோட்பாட்டுப் பேச்சு இல்லை. பயிற்சியின் முதல் அரை மணி நேரத்தில், ஒவ்வொருவரையும் தம் பள்ளியின் எமிஸ் கணக்கிலும் ஊதியத் தளத்திலும் யாருடைய துணையும் இல்லாமல் நுழையச் சொல்லுங்கள். பெரும்பாலான அறைகளில் நடப்பது இதுதான்: சிலர் கைப்பேசியை எடுத்து, “சார், அந்தப் பாஸ்வேர்ட் என்ன?” என்று பள்ளியிலுள்ள ஆசிரியரைக் கேட்பார்கள். வேறு சிலர் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள், ஓ.டி.பி. வராது. மாறுதலில் சென்றுவிட்ட முந்தைய தலைமையாசிரியரின் கைப்பேசியில் அது போய் விழுந்துகொண்டிருக்கும். ஊதியப் பட்டியலும் சில நூறு பிள்ளைகளின் விவரமும் இருக்கும் இடத்தின் சாவி, பொறுப்பில் இல்லாத ஒருவரிடம் இருக்கிறது. கணினிப் பாடமாகவும் தலைமைப் பாடமாகவும் ஒருசேர இதைக் கொள்ளலாம். பதிவு செய்த எண்ணை மாற்றுவது, கடவுச்சொல்லைப் புதுப்பிப்பது, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பீரோச் சாவியோடு இணையக் கணக்குகளையும் எழுதிக் கையொப்பம் வாங்குவது ஆகிய மூன்றையும் அன்றைக்கே முடித்துவிட்டால், உங்கள் பயிற்சி அதற்குள்ளாகவே ஒரு பயனைத் தந்துவிடும்.

‘கணினி என்றால் என்ன, சி.பி.யு. என்றால் என்ன’ என்று தொடங்கும் வகுப்பு எந்தக் காரணத்தைக் கொண்டும் வேண்டாம். வருபவர்களில் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பவும் ஜி-பேயில் பணம் அனுப்பவும் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாததாக நான் கண்டவை சிலவே, ஆனால் விளைவு பெரிய பிழைகளை உண்டாக்குபவை. பிறந்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/06/2011 என்று தட்டியதை எக்செல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2011 என்பதில் 13 ஆவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிறுத்திவிடும். ஒரே பத்தியில் பாதி பிள்ளைகளின் தேதி வலப்பக்கமும் மீதி இடப்பக்கமும் நிற்பதைப் பார்த்தவுடனே சந்தேகம் வர வேண்டும். வராவிட்டால் அது பெயர்ப்பட்டியலுக்குப் போய், மதிப்பெண் சான்றிதழில் ஏறி, அந்தப் பிள்ளை திருத்தத்துக்காக அலையும். தேதியை 05-ஜூன்-2011 என்பதுபோல மாதப் பெயர் தெரியும்படி காட்டும் வடிவத்தை அமைத்துக்கொண்டால் தவறு கண்ணில் பட்டுவிடும். வங்கிக் கணக்கு எண்ணும் அப்படித்தான். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் அப்படியே வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். உதவித்தொகை திரும்பி வந்த பிறகுதான் அது தெரியவரும். தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றக் கற்றுக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.

தமிழ்த் தட்டச்சுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றது 2010 இல். இன்றும் பல பள்ளிக் கணினிகளில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் கடிதங்கள் இருக்கின்றன. இன்னொரு கணினியில் திறந்தால் அவை குப்பை எழுத்தாகத் தெரியும் என்பதால், அச்சிட்டுக் கையொப்பமிட்டு மறுபடி ஒளிவருடி அனுப்பும் வழக்கம் தொடர்கிறது. யூனிகோடில் தட்டிய கடிதத்தைக் கைப்பேசியிலும் திருத்தலாம், தேடலாம். விசைப்பலகை பழகாதவர்களுக்குக் கைப்பேசியில் பேசினால் எழுத்தாகும் வசதியைக் காட்டிவிடுங்கள். மதிய உணவுக்குள் அதைக் கொண்டு தம் பள்ளிக்கான சுற்றறிக்கை ஒன்றை எழுதிவிடுவார்கள், அதற்குப் பிறகு அவர்களைப் பிடித்து நிறுத்துவதுதான் கடினம்.

தரவுப் பாதுகாப்பைத் தனி வகுப்பாக்க வேண்டாம். வேலையின் ஊடே சொல்லுங்கள். பிள்ளைகளின் ஆதார் அட்டைப் படங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் கிடப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. 2023 இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அனுப்பியவுடன் அழித்துவிடுவது, குழுவில் போடாமல் தனியே அனுப்புவது என்ற இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தாலே பாதித் தொல்லை தீரும்.

கணினி வேலையும் தலைமை வேலையும் ஒரே மேசையில் சேரும் பயிற்சி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இரண்டு நாளின் மையமாக இதையே வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒவ்வொருவரும் தம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு வருகை விவரத்தைக் கொண்டுவரட்டும். எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்ற முறை இங்கே தொடர்வதால், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் முதன்முதலாகத் தோல்வி பயத்தைச் சந்திப்பது ஒன்பதில்தான்; வராமல் நிற்பதும் அங்கேதான் தொடங்குகிறது. பெயர், ஊர், பெற்றோர் கைப்பேசி எண், ஜூன் மாதம் வராத நாள்கள், ஜூலையில் இதுவரை வராத நாள்கள் என்று ஐந்து பத்திகள் போதும். மொத்தத்தைக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். மேலே ஏழெட்டுப் பெயர்கள் வந்து நிற்கும். பிறகு ‘ஊர்’ பத்தியில் வடிகட்டச் சொன்னால், சில பள்ளிகளில் அந்தப் பெயர்களில் பாதி ஒரே ஊரைச் சேர்ந்தவையாக இருக்கும். அங்கிருந்து கேள்விகள் பிறக்கும். காலைப் பேருந்து நின்றுவிட்டதா? பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ குடும்பத்தோடு போகிறார்களா? அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாடவேளையைத்தான் தவிர்க்கிறார்களா?

கணினி வேலை அத்தோடு முடிந்தது. அடுத்து வருவது தலைமை வேலை. யார் யாரைக் கைப்பேசியில் அழைப்பது, எந்த வீட்டுக்கு யார் போவது, இதில் எதைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொண்டு செல்வது என்று அந்த இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பேருந்து நேரம் பற்றியோ ஓர் ஊரின் வேலை நிலைமை பற்றியோ அவர்களுக்குத் தெரிந்த அளவு தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்காது. தீர்மானப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதற்காக மட்டும் கூட்டப்படும் குழுவுக்கு உண்மையான வேலை ஒன்றைக் கொடுப்பதற்கு இந்தப் பட்டியல் நல்ல தொடக்கம்.

தலைமைப் பகுதியில் இரண்டாவதாக நான் வைப்பது வகுப்பைப் பார்வையிடுதல். 10 நிமிட வகுப்பறைக் காணொளி ஒன்றைத் திரையிட்டு, பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். ‘ஆசிரியர் பாடத்தைச் சிறப்பாக நடத்தினார்’, ‘மாணவர் கவனம் போதவில்லை’ என்றே பெரும்பாலானோர் எழுதுவார்கள். இவை தீர்ப்புகள். மீண்டும் அதே காணொளியைப் போட்டு, இம்முறை கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: ஆசிரியர் எத்தனை கேள்வி கேட்டார், அவற்றுக்கு விடை சொன்னவர்கள் எந்த வரிசையில் இருந்தார்கள், கடைசி வரிசைப் பிள்ளையின் நோட்டில் என்ன இருந்தது, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையே பிள்ளைகளுக்கு யோசிக்க நேரம் கிடைத்ததா. அறையில் ஒரு மாற்றம் தெரியும். விடை சொன்ன எல்லோரும் முதல் இரண்டு வரிசையில் இருந்தவர்கள் என்பதை அப்போதுதான் கவனிப்பார்கள். இந்தக் குறிப்போடு ஆசிரியரிடம் உட்கார்ந்தால் பேச்சு சண்டையாகாது. ‘நீங்கள் சரியாக நடத்தவில்லை’ என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. நம் பள்ளிகளில் வகுப்புக்குள் தலைமையாசிரியர் நுழைந்தால் ‘ஆய்வு’ என்ற அச்சம் உடனே வந்துவிடும். ஆகவே முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது, முதலில் மூத்த ஆசிரியர் ஒருவரின் ஒப்புதலோடு தொடங்குவது, அதற்கும் முன்பாகத் தம் வகுப்பை வந்து பார்க்கும்படி ஆசிரியர்களை அழைப்பது ஆகியவற்றையும் பேசுங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து அந்த உரையாடலை நடித்துப் பார்க்கட்டும். முதலில் கூச்சப்படுவார்கள், இரண்டாவது முறை தங்கள் பள்ளியின் உண்மையான ஆசிரியர் ஒருவர் பேசுவதுபோலவே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஆசிரியர் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுற்றறிக்கைகளைப் படித்துக் காட்டுவதற்காகக் கூட்டம் போடுவதை நிறுத்தி, அவற்றை முன்னதாகவே குழுவில் அனுப்பிவிட்டு, கூட்டத்தில் ஒரே ஒரு கற்றல் சிக்கலை மட்டும் பேசலாம்.

தவிர்க்கவே கூடாத அரை மணி நேரம் ஒன்று உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும், முதலில் நாமே விசாரிப்போம்’ என்ற எண்ணம் நல்லவர்களுக்கும் வருவதால் இதை நேராகப் பேச வேண்டும். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) ஆகியவை பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது. ஒரு பிள்ளை வந்து சொன்னால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகத் தலைமையாசிரியர் அறிந்திருக்க வேண்டும். இதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒருவரை அழையுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது.

பேச்சாளர்களைக் கேட்டிருந்தீர்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. கைதட்டல் வாங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு பள்ளியில் எதுவும் மாறி நான் கண்டதில்லை. அந்தப் பணத்தில், நன்றாகப் பள்ளி நடத்திக்கொண்டிருக்கும் பணியிலுள்ள தலைமையாசிரியர்கள் நால்வரைக் கருத்தாளர்களாக அழைத்து மதிப்பூதியம் கொடுங்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அருகில் உட்கார்ந்து உதவ அவர்கள் போதும். மண்டபத்துக்குப் பதிலாக ஹைடெக் லேப் உள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நடத்தினால் கணினிக்கும் அலைய வேண்டாம்.

இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். முதல் நாளை ஜூலை நடுவிலும் இரண்டாம் நாளை ஆகஸ்டு இறுதியிலும் வைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிந்துவிடும். சேர்க்கை நெருக்கடி உள்ள ஜூனும் பொதுத்தேர்வுக் காலமும் கூடவே கூடாது. இடைப்பட்ட ஆறு வாரத்தில் ஒவ்வொருவரும் வராத பிள்ளைகள் பட்டியலைத் தயாரித்து நடவடிக்கை எடுத்து, இரண்டு வகுப்புகளைப் பார்த்துக் குறிப்பு எழுதிவர வேண்டும். அந்த இடைவெளியில் கருத்தாளர் ஒருவர் ஒருமுறையாவது பள்ளிக்கு நேரில் போய்வர வேண்டும். பயிற்சிக்குப் பின் உடனிருந்து வழிகாட்டினால் 95 விழுக்காட்டினர் கற்றதை நடைமுறைப்படுத்துவார்கள் என்று, ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த அமெரிக்கர்களான ஜாய்ஸ், ஷவர்ஸ் பெயரில் ஓர் அட்டவணை எல்லாப் பயிற்சிகளிலும் திரையில் வரும். அந்த எண்கள் அவர்களுடைய மதிப்பீடு, அளந்து கண்டவை அல்ல. ஆகவே 95 ஐ நம்ப வேண்டாம். திசை சரி என்பது மட்டும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: யாரும் திரும்பி வந்து கேட்கப்போவதில்லை என்று தெரிந்த பயிற்சி, வாகனம் ஏறும்போதே மறந்துபோகும்.

பயன் இருந்ததா என்று அறிய, கடைசி மணி நேரத்தில் கொடுக்கும் பின்னூட்டப் படிவத்தை நம்பாதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் அதில் எல்லாமே ‘மிக நன்று’ என்று வரும். அதற்குப் பதிலாக டிசம்பரில் நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள். ஓ.டி.பி. இப்போது யார் கைப்பேசிக்கு வருகிறது? கடந்த மாதம் எத்தனை வகுப்புகளைப் பார்த்துக் குறிப்பு எழுதினீர்கள்? ஜூலைப் பட்டியலில் மேலே இருந்த பிள்ளைகளில் இன்று வகுப்பில் இருப்பவர்கள் யார் யார்? அலுவலகத்தில் இருப்பவருக்காகக் காத்திராமல் நீங்களே முடித்த இணைய வேலை எது? பாதிப்பேர் இவற்றில் இரண்டுக்கு நல்ல விடை சொன்னாலே நான் அதை வெற்றி என்பேன். மதிப்பெண்ணில் மாற்றம் தெரிய இன்னும் காலம் ஆகும், அப்போதும் அது உங்கள் பயிற்சியால்தான் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். கலந்துகொள்பவர்களுக்கு அந்த இரு நாளும் பணிநாளாகக் கருதப்படும் என்ற வரி அந்த ஆணையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தற்செயல் விடுப்பு எடுத்து வருபவர்கள் மட்டுமே வருவார்கள், அவர்கள் பெரும்பாலும் உங்கள் பயிற்சி தேவைப்படாதவர்களாக இருப்பார்கள். கைப்பைக்கு ஒதுக்கிய பணத்தைக் கருத்தாளர்கள் பள்ளிகளுக்குப் போய்வரும் பயணச் செலவுக்கு மாற்றிவிடுங்கள்.